டபுள் கிளாஸ் ஜன்னல்: குமரி மாவட்டத்தில் காசு வீணாகும் இடங்கள்

டபுள் கிளாஸ் ஜன்னல் வேண்டும் என்று கடையில் கேட்டால், பெரும்பாலும் முதலில் நீட்டுவது ஒரு மாதிரித் துண்டைத்தான். 5 மி.மீ. சாதா கண்ணாடி, நடுவில் 12 மி.மீ. காற்று இடைவெளி, மறுபடியும் 5 மி.மீ. சாதா கண்ணாடி. "இதைப் போட்டால் சூடு உள்ளே வராது" என்பார்கள். குளிர் நாட்டுக்கு அது நல்ல ஜன்னல்தான். வெளியே பனி, உள்ளே ஹீட்டர் என்றால் அந்த 12 மி.மீ. காற்று பெரிய வேலை செய்யும். நம் ஊரில் கணக்கு வேறு.

4 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் ஒன்றரை சதுர மீட்டர். வெளியே 33 டிகிரி, ஏசி போட்ட அறைக்குள் 25 டிகிரி. இந்த 8 டிகிரி வித்தியாசத்தில் ஒற்றைக் கண்ணாடி வழியாக உள்ளே கடத்தப்படும் சூடு 70 வாட்டை ஒட்டி வரும். இரட்டைக் கண்ணாடியில் அது பாதியாகும். மிச்சம் 35 வாட், ஒரு பிஎல்டிசி ஃபேன் இழுக்கும் அளவு.

இப்போது அதே ஜன்னல் மேற்குச் சுவரில் இருக்கிறது, மணி மாலை நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுந்தால் ஒற்றைக் கண்ணாடி உள்ளே விடுவது 600 வாட்டுக்கு மேல். சாதா டபுள் கிளாஸ் 525 வாட் அளவுக்கு விடும். வெயிலைத் தடுக்கும் பூச்சு கொண்ட, சோலார் கன்ட்ரோல் என்று கேட்டு வாங்கும் டபுள் கிளாஸ் 225 வாட்டோடு நிறுத்தும். ஏசிக்கு உண்மையான சுமை இந்த வெயில்தான். அதனால் "டபுள் கிளாஸா?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், அந்தக் கண்ணாடியின் சோலார் ஃபாக்டர், அதாவது விழும் வெயில் சூட்டில் உள்ளே வரும் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். எஸ்.ஹெச்.ஜி.சி. என்று எழுதியிருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். மேற்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு அது 0.3 பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் கண்ணாடி வாங்காதீர்கள்.

எல்லா ஜன்னலுக்கும் ஒரே கண்ணாடி போடுவது இதைத் தொடர்ந்து வரும் தவறு. தெற்கிலும் வடக்கிலும் 2 அடி சன்ஷேடு இருந்தால் நல்ல நிழல் கிடைக்கும். வடக்கே வெயிலே வராது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே இருந்துதான் வருகிறது. சூரியன் உயரத்தில் இருப்பதால் சன்ஷேடு அதைச் சமாளித்துவிடும். மேற்கில் கதை வேறு. மாலை நாலு மணிக்குச் சூரியன் 35 டிகிரி உயரத்துக்கு இறங்கியிருக்கும். 2 அடி சன்ஷேடு ஜன்னலில் ஒன்றரை அடிகூட மறைக்காது. பூச்சுக் கண்ணாடிக்கான காசை அங்கே செலவழியுங்கள். ஏசி இல்லாத, நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் அறைக்கு டபுள் கிளாஸே தேவையில்லை. வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும்.

பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது?

கண்ணாடி முகங்களை வெளியிலிருந்து எண்ணுவது வழக்கம்: 1, 2, 3, 4. வெயில் ஊருக்குப் பூச்சு 2-ஆம் முகத்தில், அதாவது வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். பொருத்தும்போது முன்பின் மாற்றி வைத்துவிட்டால் அது 3-ஆம் முகமாகிவிடும். கண்ணாடி உறிஞ்சிய வெப்பம் உட்பக்கமே இறங்கும். பார்வைக்கு எதுவும் தெரியாது, கரண்ட் பில்லில்தான் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு லைட்டர் போதும். இருட்டிய பிறகு அறைக்குள் நின்று சுடரைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். ஒன்றன் பின் ஒன்றாக நாலு சுடர் தெரியும். உங்கள் பக்கமிருந்து மூன்றாவது சுடர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பூச்சு சரியான இடத்தில் இருக்கிறது. இரண்டாவது நிறம் மாறித் தெரிந்தால் கண்ணாடி திரும்பிப் போயிருக்கிறது. கண்ணாடியைச் சட்டத்தோடு இறுக்கும் பட்டியான பீடிங் அடிக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். எல்லா வேலையும் முடிந்தபின் கழற்றச் சொன்னால் ஆள் வரமாட்டார்.

டஃபண்ட் கண்ணாடியும் திருடனும்

பாதுகாப்பு என்றதும் டஃபண்ட் கண்ணாடி என்கிறார்கள். சாதா கண்ணாடியைவிட அது நாலைந்து மடங்கு வலுவானது. உடைந்தால் கத்தி போன்ற சில்லாக இல்லாமல் கற்கண்டுபோலப் பொடிந்து கொட்டும். குழந்தை மோதினாலும் ஆழமாக வெட்டாது என்பது அதன் நன்மை. ஆனால் கூரான கருவியால் ஓரத்தில் ஒரு குத்து விட்டால் மொத்தக் கண்ணாடியும் கொட்டி, ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்துவிடும்.

நுழைவதைத் தாமதப்படுத்துவது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, காரின் முன்கண்ணாடி போல. உடைந்தாலும் படலத்தோடு ஒட்டிச் சட்டத்திலேயே நிற்கும். தரைத்தள ஜன்னலுக்கு வெளியே 6 மி.மீ. டஃபண்ட், 12 மி.மீ. இடைவெளி, உள்ளே 4+0.76+4 லேமினேட்டட் நல்ல அமைப்பு. மாடியில், கீழே ஆள் நடமாடும் பக்கமானால் லேமினேட்டட்டை வெளியே வைப்பது நல்லது. டஃபண்ட் எப்போதாவது காரணமே தெரியாமல் தானாக உடைவதுண்டு. உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள்தான் பொதுவான காரணம். உடைந்தது மேலிருந்து யார் தலையிலும் கொட்டக் கூடாது. டஃபண்ட் என்று சொல்லி விற்பதெல்லாம் டஃபண்ட் அல்ல. மூலையில் அழியாத முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டது யாருக்கும் மறந்திருக்காது. மணிக்கு 140 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் கண்ணாடியை ஏறக்குறைய 90 கிலோ அழுத்தத்தில் தள்ளும். முட்டம், குளச்சல் கடற்கரையிலும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேரே விழும் வீடுகளிலும், பெரிய ஜன்னலை 4 மி.மீ. கண்ணாடியில் ஒப்பேற்றப் பார்க்காதீர்கள்.

கிரில்லை எடுத்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. தரைத்தளத்தில் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி இருக்காது. சாவி அந்த அறையிலேயே தொங்க வேண்டும், பீரோவுக்குள் பூட்டி வைக்கக் கூடாது.

சட்டமும் எடையும்

கண்ணாடியின் எடை சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் இரண்டரை கிலோ. மேலே சொன்ன தரைத்தள அமைப்பில் டஃபண்ட் 6-ம் லேமினேட்டட் 8-ம் (4+4) சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 35 கிலோ. நமது 4×4 ஜன்னலில் 50 கிலோவுக்கு மேல், இரண்டு கதவாகப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் 26 கிலோ. மொத்தத் தடிப்போ 27 மி.மீ. சாதாரண யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங் சட்டங்கள் பலவற்றில் இது நுழையவே நுழையாது. முதலில் சட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு கண்ணாடி தேடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கண்ணாடியை முடிவு செய்த பிறகே சட்டம்.

ஸ்லைடிங்கில் கதவுகளுக்கு நடுவே பிரஷ் போன்ற நார்தான் அடைப்பு. அதன் வழியே காற்று, சத்தம், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையின் சாரல் எல்லாம் வரும். கீலில் திறந்து, ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்திப் பூட்டும் கேஸ்மென்ட் ஜன்னல் பல மடங்கு மேல். தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் சத்தம் குறைய வேண்டுமானால் இரண்டு கண்ணாடியும் ஒரே தடிப்பில் இருக்கக் கூடாது. 6-ம் 6-ம் ஒரே சுருதியில் அதிரும். 6-ம் 8-ம் அப்படி அதிராது. திருவிழா ஸ்பீக்கரின் அடித்தொண்டை அதிர்வு மட்டும் எந்த 12 மி.மீ. இடைவெளிக்கும் அடங்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

யுபிவிசிக்குள் கால்வனைஸ்டு இரும்புச் செருகல் இருக்கிறதா என்று வெட்டிய முனையைப் பாருங்கள். கடலோரத்தில் கீல், கைப்பிடி, திருகு எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். உப்புக் காற்றில் 304-கூட டீக்கறை போலப் பழுப்பேறும்.

பொருத்தும் நாள்

டஃபண்ட் கண்ணாடியை வாங்கியபின் வெட்ட முடியாது. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, சிறியதை எடுத்து, அதிலிருந்து 10 மி.மீ. கழித்துச் சட்டம் ஆர்டர் செய்யுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துவராவிட்டால் முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டுத் திறப்பை நேராக்குங்கள். சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் சாந்து வைத்து அடைக்கிற பழக்கம் மரச்சட்டக் காலத்தது. 2 மீட்டர் யுபிவிசி 20 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. அளவுக்கு நீளும். நீள இடமில்லாமல் வளையும், கதவு பிடிக்கும். உள்ளே பியூ ஃபோம் என்ற விரியும் நுரை, வெளியே வெதர் சிலிக்கான் போதும்.

கண்ணாடி நேராகச் சட்டத்தின் அடியில் உட்காரக் கூடாது. இரு முனையிலிருந்தும் கால்வாசி தூரத்தில் இரண்டு பிளாஸ்டிக் பேக்கிங் கட்டைகள் வைத்து அதன் மேல் நிறுத்த வேண்டும். இந்த இரண்டு கட்டையை விட்டுவிட்டால் மழைநீர் அடியில் தேங்கும். கண்ணாடியின் ஓர சீல் அதில் ஊறும். ஒரு கட்டத்தில் ஈரம் உள்ளே நுழைந்து, இரண்டு கண்ணாடியையும் ஓரத்தில் பிரித்து நிறுத்தும் ஸ்பேசர் பட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி மூட்டம் படியும். அதற்கு வைத்தியம் கிடையாது, யூனிட்டையே மாற்ற வேண்டும். புளித்த வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் அந்த சீலைக் கெடுக்கும்; நியூட்ரல் க்யூர் என்று டியூபில் எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

மூட்டம் கண்டதும் சீல் போய்விட்டது என்று பதறவும் வேண்டாம். விரலால் வெளிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். அழிந்தால் அது வெறும் பனித்துளி. ஏசியை 20-இல் வைத்து இரவெல்லாம் ஓட்டினால், கண்ணாடி குளிர்ந்து நம் ஈரக்காற்று அதில் படிகிறது. இரண்டு பக்கமும் தேய்த்து அழியாதது மட்டும்தான் நடுவில் இருப்பது.

சட்டத்தின் அடியில் வெளிப்பக்கமாக நீண்ட சிறு ஓட்டைகள் இருக்கும். பூச்சி வருகிறது என்று அவற்றில் சிலிக்கான் அப்பி அடைக்காதீர்கள், தண்ணீர் வடியும் வழி அதுதான். மே மாதக் கடைசியில், மழைக்கு முன்பு, உட்பக்கத் தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே சொட்டாவிட்டால் பழைய டூத் பிரஷ்ஷும் ஈர்க்குச்சியும் எடுத்துக் குத்தி விடுங்கள்.