சாவி வாங்கும் முன் குளியலறையில் நீர் தேக்கிப் பார்த்தேன்
சென்னைப் புறநகரில் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்திடக் கட்டுநர் அவசரப்படுத்தியபோது, சோதனை முடியட்டும் என்று கூறி, அனுபவமுள்ள கட்டடப் பொறியாளர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். சுவர்ப் பூச்சிலும் கதவு, சன்னல்களிலும் சொல்லத்தக்க குறையில்லை. குளியலறைதான் சிக்கல்.

வடிகால் வாயைத் துணியால் இறுக அடைத்து, தரையில் 2 அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி, இரவு முழுவதும் விட்டுவைத்தோம். காலையில் கீழ்வீட்டுக் கூரையில், கழிவுநீர்க் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி ஈரம் படர்ந்திருந்தது. நாணயத்தால் தட்டியபோது சுவரோர டைல்ஸ் சிலவற்றில் வெற்றொலி கேட்டது. அடியில் கலவை நிரம்பவில்லை என்பதே அதன் பொருள்.

டைல்ஸ் இடுக்குகளில் கிரௌட் (இடுக்கு நிரப்பும் கலவை) பூசினால் போதும் என்றார் கட்டுநரின் மேற்பார்வையாளர். அது கசிவைச் சில மாதங்கள் மறைக்குமே தவிர நிறுத்தாது. ஒப்படைப்புக்குப் பின்னும் 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறைகளை 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்னும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவைக் குறிப்பிட்டு, படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பிய பிறகே வேலை நகர்ந்தது. டைல்ஸைப் பெயர்த்து, குழாயைச் சுற்றிச் சுருங்காத கலவையை நிரப்பி, நீர்க்காப்புப் பூச்சைச் சுவரிலும் ஓரடி ஏற்றினார்கள்; மீண்டும் நீர் தேக்கி, கீழ்க்கூரை உலர்ந்திருப்பதைப் பார்த்த பின்னரே புதிய டைல்ஸ் ஒட்டச் சம்மதித்தேன்.