தேர்தல் செய்தியைப் படிப்பதில் நேரும் தவறுகள்

எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சியின் பக்கம் என்பதைத் தமிழ்நாட்டு வாக்காளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1999இல் ஜெயா டிவி, 2007இல் கலைஞர் டிவி, 2018இல் நியூஸ் ஜெ எனக் கட்சிகளின் நிழலில் தொடங்கப்பட்ட அலைவரிசைகளைப் பார்த்துப் பழகியவர்கள், "அவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்று பாதியைக் கழித்துவிட்டே மீதியை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கழித்தல் நல்லதுதான். ஆனால் அதை நம்பி, ஊடகம் நம்மை ஒன்றும் செய்துவிடாது என்று இருந்துவிடுவது பெரிய தவறு. சொன்னதைக் கழித்துவிடலாம், சொல்லாமல் விட்டதை எதிலிருந்து கழிப்பது?

1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, வட கரோலினாவின் சேப்பல் ஹில் பகுதியில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாதிருந்த 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்த 100 பேர் சொன்ன பிரச்சினைகளின் வரிசையும், செய்திகளில் அவற்றுக்குக் கிடைத்த இடத்தின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நம் ஊரிலும், எந்தக் கட்சிக்கு எத்தனை தொகுதி என்ற பேரம் வாரக்கணக்கில் இரவு விவாதங்களை நிரப்பும்போது, நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஐந்து ஆண்டுகளில் என்ன கேள்வி எழுப்பினார் என்பது நமக்கே கேட்கத் தோன்றாமல் போகிறது. விவாதத்தில் யார் வென்றார் என்று பார்ப்பதற்கு முன், இன்று இதை ஏன் விவாதிக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

விளம்பரம் என்று போட்டிருந்தால்தான் விளம்பரம் என எண்ணிக்கொள்வது இன்னொரு தவறு. 2009 தேர்தல்களில் காசு வாங்கிக்கொண்டு செய்தி வெளியிட்டதாகப் புகார்கள் குவிந்த பிறகு, இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இல் அதை ஆராய்ந்தது. அதில் வெளிவந்த அடையாளங்களை இன்றைக்கும் நாளிதழை விரித்து வைத்துச் சரிபார்க்கலாம். போட்டிப் பத்திரிகைகள் இரண்டில், வெவ்வேறு நிருபர்களின் பெயரோடு, ஒரே படமும் ஒரே வாசகங்களும் ஒரே நாளையொட்டி வந்திருக்கும். இன்னும் வேடிக்கை, ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவருக்கும் வெற்றி உறுதி என்று இரண்டு செய்திகள் இருக்கும்! உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவை 2011இல் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது இத்தகைய செய்திகளுக்காகத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றுக்கான தொகையைச் செலவுக் கணக்கில் காட்டாததற்காக. நிறை மட்டுமே இருந்து, மாற்றுக் கட்சிக்காரர் ஒருவரின் பேச்சுகூட இல்லாத வேட்பாளர் செய்தியைக் கண்டால், அதைச் சுவரொட்டியாகவே எண்ணிப் படிக்க வேண்டும்.

மிக அதிகமாக ஏமாற்றுவது எண்தான். 2016 மே மாதம், வாக்குப்பதிவு முடிந்த அன்று வெளியான எக்ஸிட் போல்களில், அதாவது வாக்களித்துவிட்டு வருவோரிடம் கேட்டு எடுக்கும் கணிப்புகளில், பெரும்பாலானவை தி.மு.க. ஆட்சி என்றன, மூன்று நாள் கழித்து, தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் 134ஐ அ.தி.மு.க. வென்றது. 2024 ஜூன் 1 மாலை, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குப் பல கணிப்புகள் 350க்கு மேல் கொடுத்தன, கிடைத்தது 293. கணித்தவர்கள் எல்லாரும் விலைபோனவர்கள் என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான். அவர்கள் மக்களிடம் கேட்பது வாக்கை. திரையில் காட்டுவது இடங்களை. நம் தேர்தல் முறையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு 2014 மக்களவைத் தேர்தலே சாட்சி: தமிழ்நாட்டில் சுமார் 44 விழுக்காடு வாக்குகளுக்கு அ.தி.மு.க. 39இல் 37 இடங்களைப் பெற்றது, ஏறத்தாழ 24 விழுக்காடு பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. ஆகவே இடங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, வாக்கு விழுக்காடு சொல்லியிருக்கிறார்களா என்று தேட வேண்டும்.

வாக்களித்த பின் வரும் கணிப்பு பொய்த்தால் பங்குச் சந்தைக்காரர்களுக்குத்தான் அடி. வாக்களிக்கும் முன் வருவது வேறு. "ஜெயிக்கிற கட்சிக்குப் போடலைன்னா ஓட்டு வீணாயிடும்" என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருப்பதால், யார் முந்துகிறார் என்ற ஒரு வரியே சிலருடைய வாக்கைத் திருப்பிவிடும். பல கட்டங்களாக நடக்கும் தேர்தலில், முதல் கட்டத்தின் எக்ஸிட் போலும் அடுத்த கட்டத்தில் வாக்களிப்பவருக்கு முன்கூட்டியே வரும் கணிப்புதான். இதனால்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல்களைத் தடுக்கிறது. 2024இல் ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்ட தமிழ்நாடும் ஜூன் 1 மாலைவரை காத்திருந்தது. கருத்துக்கணிப்புகளைத் தொலைக்காட்சி முதலிய மின்னணு ஊடகங்களில் வெளியிடவும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தடை உண்டு.

அந்த இரண்டு நாட்களில்தான் வாட்ஸ்அப்பில் நியூஸ் கார்டுகள் வந்து விழும். பிரபல தொலைக்காட்சியின் சின்னம் மேலே, வேட்பாளரின் படம் நடுவில், "நம் தொகுதி நிலவரம்" என்று கீழே மூன்று எண்கள். கணிப்பை எடுத்தவர் யார், எடுக்கச் சொன்னவர் யார், எத்தனை பேரிடம், எந்த நாட்களில், எந்த முறையில் கேட்டார்கள் என்ற ஐந்தில் ஒன்றுகூட அதில் இருக்காது. சின்னத்துக்கு உரிய தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஆவதற்குள் அதை நாலு குழுக்களுக்கு அனுப்பிவிட்டிருப்போம்.