கைட்போர்டிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: நம் ஊர்ப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் குளுவாங்கில் கடல் கிடையாது. ரயில் நிலையத்தை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, மிச்சம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் ரப்பர். கடல் பார்க்க வேண்டும் என்றால் காஹாங், ஜெமாலுவாங் தாண்டி மெர்சிங்குக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட்போர்டிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்று, பக்கத்து நாடான சிங்கப்பூரின் மேக்சிமிலியன் மேடர் 17 வயதில் வெண்கலம் வாங்கிய பிறகு, "அண்ணே, இதை எங்கே கத்துக்கலாம்?" என்று கேட்டு வரும் தம்பிகளும் தங்கச்சிகளும் கூடிவிட்டார்கள். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த வெள்ளியோடு வருகிறார்கள். அந்தக் காசு வீணாகக் கூடாது, அவர்களும் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வானத்தில் எகிறிக் குதிக்கிற வீடியோ நன்றாகத்தான் இருக்கும். முதல் இரண்டு மணி நேரத்தில் உங்களுக்கு என்ன சொல்லித் தருவார்கள் என்பது அதில் தெரியாது. ஆபத்தில் பட்டத்தை நம்மிடமிருந்து உடனே கழற்றிவிடும் பிடிக்குக் குவிக் ரிலீஸ் என்று பெயர். போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குவிக் ரிலீஸை எத்தனை தடவை இயக்கிப் பழக விடுவீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் அந்த இடம் வேண்டாம்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம்? சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் பட்டம் விட்ட கை நம்முடையது. காற்று இழுத்தால் நூலை இறுக்கிப் பிடிப்போம். கைட்போர்டிங்கில் நடப்பது இதற்கு நேர் எதிர். இடுப்பில் ஹார்னஸ் எனும் வார்க்கச்சை, அதன் கொக்கியில் ஒரு வளையம், கையில் 'பார்' (bar) எனும் பிடிகம்பு. அங்கிருந்து 20 முதல் 24 மீட்டர் நீளக் கயிறுகள் மேலே பட்டத்துக்குப் போகின்றன. பாரை உடம்பை நோக்கி இழுத்தால் பட்டத்தின் வலு கூடும், தள்ளிவிட்டால் குறையும். பயந்த கை என்ன செய்யும்? இழுக்கும். இழுக்க இழுக்கப் பட்டம் இன்னும் வேகமாகத் தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. கைக்குப் பழக்கம் இருந்தால்தான் பிழைப்போம்.

எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தவர், பட்டத்தை மூட்டையை விட்டே எடுக்கவில்லை. ஹார்னஸை மாட்டிவிட்டு, பாரின் வளையத்தை என் கொக்கியில் கோத்து, கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "கண்ணை மூடு, விடு" என்றார். வலது கையால் துழாவி, குவிக் ரிலீஸின் சிவப்புப் பிடியைத் தேடினேன். முதல் தடவை என் கை பாரிலேயே சிக்கிக்கொண்டது. இரண்டாம் தடவை பிடி கிடைத்தது, ஆனால் என் பக்கம் இழுத்தேன். அதை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகுதான் தேடாமலே கை அங்கே போனது. 'டக்' என்று வளையம் கழன்றது. பிறகு கழன்றதை மறுபடி பூட்டச் சொன்னார். உள்ளே மணல் புகுந்தால் பூட்டு சரியாக விழாது என்று விரலால் தடவிக் காட்டினார். பிடி எந்தப் பக்கம் நகரும் என்பது பாருக்குப் பார் மாறலாம், அதனால் வேறு பாரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அவரிடம் போவதற்கு முன் வேறோர் இடத்தில் 3 நாள் பேக்கேஜுக்குப் பணம் கட்டியிருந்தேன். விலை மலிவு. போய்ப் பார்த்தால் ஐந்து பேருக்கு ஒரு பட்டம். மூன்று நாளில் பார் என் கையில் இருந்தது மொத்தமாக ஒரு மணி நேரம்கூட வராது. மீதி நேரம் மணலில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் 'எத்தனை நாள்' என்று கேட்காதீர்கள், 'பட்டம் என் கையில் எத்தனை மணி நேரம்' என்று கேளுங்கள். பெரும்பாலோருக்குப் பலகையில் எழுந்து நின்று கொஞ்ச தூரம் போவதற்கே 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி பிடிக்கும். ஒரே நாளில் ஓட்ட வைக்கிறோம் என்பவரை நம்ப வேண்டாம். ஒரு பட்டத்துக்கு இரண்டு பேர் என்றால் பரவாயில்லை, மாறி மாறிப் பிடிக்கையில் கைக்கும் ஓய்வு கிடைக்கும். காற்று வராவிட்டால் மீதி மணி நேரத்தை வேறொரு நாளைக்கு மாற்றித் தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை முன்பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆசிரியரிடம் சான்றிதழ் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் நம் ஆட்கள். கேட்கலாம், தப்பே இல்லை. 2001-இல் தொடங்கிய ஐ.கே.ஓ. என்ற அனைத்துலகக் கைட்போர்டிங் அமைப்பு தரும் பயிற்றுநர் அட்டை பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. அது இந்த ஆண்டு செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். அட்டை மட்டும் போதாது, அவர் பேசுவது உங்களுக்குப் புரிய வேண்டும். மலாயோ ஆங்கிலமோ, எந்த மொழியானாலும் சரி. தண்ணீரில் காற்றுச் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் கைச்சைகைகளைக் கரையிலேயே படித்துவிட வேண்டும். தலையைத் தட்டிக் காட்டினால் 'பட்டத்தை இறக்கப் போகிறேன்' என்று அர்த்தம்.

அடுத்தது காலம். லீவு கிடைத்த நேரத்துக்கு வகுப்பைப் பதிந்துவிட்டு, காற்று இல்லாமல் திரும்பியவர்கள் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இருக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் காற்று வடகிழக்குப் பருவத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை. மெர்சிங் பக்கமானாலும் சரி, குவாந்தானுக்கு அருகில் பாலோக் கடற்கரையானாலும் சரி, கணக்கு இதுதான். முதல் இரண்டு மாதங்களில் கனமழையும் வெள்ளமும் சேர்ந்து வரும். ஜனவரிக்குப் பின், தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் மழை குறைந்து காற்று சீராக வீசும் நாட்கள் அதிகம். புதியவருக்கு 12 முதல் 18 நாட் (knot, மணிக்கு ஏறக்குறைய 22 முதல் 33 கிலோமீட்டர்) வேகக் காற்று போதும். கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் ஏறக்குறைய அந்த அளவு. வானிலைத் துறை பலத்த காற்று, கொந்தளிப்பு என்று எச்சரிக்கை விட்ட நாளில், இடிமேகம் கறுத்து வரும் நேரத்தில், எந்த ஆசிரியர் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள்.

காற்றின் திசையையும் கேளுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் உங்களைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். கடலிலிருந்து நேராகக் கரைக்கு வீசினால் சவுக்கு மரத்தில் கொண்டுபோய் அடிக்கும். கரையை ஒட்டிப் பக்கவாட்டில், லேசாகக் கரைப்பக்கம் சாய்ந்து வீசுவதுதான் நல்லது. கயிற்றின் நீளத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 50 மீட்டர் அளவுக்காவது, காற்று போகும் பக்கம் மரம், படகு, ஆள் எதுவும் இருக்கக் கூடாது.

பட்டத்தை முதலிலேயே வாங்கிவிடுவதும் நடக்கிறது. ஒரு தம்பி பழைய பட்டம் ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டு வந்து காட்டினான். 2005 வாக்கில் 'போ' (bow) வகைப் பட்டங்கள் வந்த பிறகுதான் பாரைத் தள்ளியதும் இழுப்பு ஏறக்குறைய முழுவதும் அடங்கும் வசதி பரவியது. அவன் கொண்டுவந்தது அதற்கு முந்தைய ரகம். கயிறுகளை ஒரு கம்பத்தில் கட்டி இழுத்துப் பார்த்தோம். ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீளம். அப்படிப்பட்ட பட்டம் சொன்ன பக்கம் திரும்பாது. அதை மடித்து வைக்கச் சொல்லிவிட்டேன். பள்ளியின் பட்டத்திலேயே கற்று முடியுங்கள், உங்கள் எடைக்கு எத்தனை சதுர மீட்டர் வேண்டும் என்பது அப்போது தெரியும். எடையை ஆசிரியரிடம் குறைத்துச் சொல்ல வேண்டாம், பட்டத்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நீச்சல் தெரியாததை மறைப்பதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு. தோட்டத்தில் வளர்ந்த நமக்குக் குளமும் ஓடையும் தெரியும், கடல் தெரியாது. மிதவைச் சட்டை இருக்கிறதே என்கிறார்கள். பலகை நழுவிப் போய், பட்டம் தண்ணீரில் விழுந்து, கயிறு சுற்றி மிதக்கும்போது பதறாமல் இருக்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். பட்டத்தையே மிதவையாக்கிக் கரை சேரும் சுயமீட்புப் பயிற்சியும் வகுப்பில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் நீச்சல் குளத்துக்குப் போங்கள், அப்புறம் கடலுக்கு வாங்க.

கடைசியாக ஒன்று. காலையில் மோட்டாரில் போய், வகுப்பு முடித்து, இரவே வீடு திரும்பத் திட்டம் போடாதீர்கள். நாலு மணி நேரம் பார் பிடித்த கைக்கு பிரேக் பிடிக்கத் தெம்பு இருக்காது. காஹாங் பக்கம் இருட்டிய பிறகு யானை சாலைக்கு வரும். மெர்சிங்கில் ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். அந்தச் செலவையும் வகுப்புக் கட்டணத்தோடு முதலிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.