மலையிலிருந்து எம்பிஏ: இரண்டாம் வருடத்திலேயே போட வேண்டிய திட்டம்

ஜூன் மாதம் வந்தால் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்தில் டிகிரி முடித்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ரிசல்ட் வந்துடுச்சு, எம்பிஏ சேரலாம்னு இருக்கேன், எந்தக் காலேஜ் நல்லாயிருக்கும்?" கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது ஒன்றரை வருடம் தாமதமாக வருகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர எழுதும் டான்செட் தேர்வு பெரும்பாலும் மார்ச்சிலேயே முடிந்திருக்கும், ஐஐஎம்களுக்கான கேட் தேர்வு அதற்கும் முந்தைய நவம்பரில் போயிருக்கும். மிச்சம் இருப்பது மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டும், அதற்கு ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கும் ஏஜென்டும்தான். அதனால் இதை இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மூன்றாம் வருடம் என்றாலும் சரி, படித்துவிட்டு இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். எம்பிஏ சேர பிபிஏ படித்திருக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தேவையே இல்லை. பிகாம், தாவரவியல், வரலாறு, தமிழ் இலக்கியம் என எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் போதும். டான்செட்டுக்கு 50 சதவீத மதிப்பெண் வேண்டும், தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. கேட் தேர்வுக்கும் 50தான், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 45. கடைசி வருடம் படிக்கும்போதே இரண்டையும் எழுதலாம். ஆனால் அரியர் வைத்துக்கொண்டு எழுதினால் நல்ல மார்க் எடுத்தும் சேர முடியாமல் போகும், ஆகவே இரண்டாம் வருட முடிவுக்குள் அரியரைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, எதற்காக இந்தப் படிப்பு என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். "வீட்டில் சும்மா இருக்க முடியாது", "மாமா பையன் படிச்சான்" என்ற ரகத்தில் பதில் வந்தால் இரண்டு வருடம் வேலைக்குப் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். ரிசார்ட்டில் ஃப்ரன்ட் ஆபீஸ், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு, கூட்டுறவு வங்கி, கோவையில் ஏதாவது ஒரு கம்பெனியில் சேல்ஸ், எதுவானாலும் சரி. சம்பளப் பட்டியல் போடுவது, கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது, ஸ்டாக் குறைந்தால் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு எம்பிஏ வகுப்பில் நடத்தும் பாடம் உடனே பிடிபடுகிறது. அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் கொடுக்கும் கல்வி நிறுவனங்களும் உண்டு.

எதற்கு என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், ஹெச்ஆர் என்ற மூன்றோடு நின்றுவிட வேண்டாம். நம் மலைப் பிள்ளைகளுக்கென்றே செய்ததுபோல் சில படிப்புகள் இருக்கின்றன, ஆனால் இங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெங்களூரில் 1993இல் தொடங்கிய தோட்டப்பயிர் மேலாண்மை நிறுவனம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தேயிலை, காபி, ரப்பர் தொழிலுக்கான மேலாண்மைப் படிப்பு அங்கே இருக்கிறது. கூட்டுறவு, கிராம மேலாண்மை என்றால் குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979இல் ஆரம்பித்த இர்மா. காட்டு வளம் சார்ந்த மேலாண்மைக்கு போபாலில் ஐஐஎஃப்எம், சுற்றுலாவுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஐஐடிடிஎம் (தலைமை குவாலியரில், நெல்லூரிலும் வளாகம் உண்டு). இன்ட்கோசர்வ் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை கொடுக்கும் வீட்டுப் பிள்ளை இர்மாவைப் பற்றிக் கேள்விப்படாமலே டிகிரி முடிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இனி தேர்வுகள். டான்செட்டை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. 100 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். கணக்கு என்றதும் பதற வேண்டாம், அதில் பெரும்பகுதி பள்ளியில் போட்ட சதவீதம், லாப நட்டம், விகிதம், வேலையும் நேரமும்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உண்மையான சிக்கல் ஆங்கிலப் பத்தியை வாசித்துப் பதில் எழுதும் பகுதி. இது ஆறு வாரக் கோச்சிங்கில் வராது, தினமும் வாசித்தால்தான் வரும். மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை எடுத்து, அதன் சாரத்தை நான்கு வரியில் சொந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தால் தேர்வு நாளுக்குள் வாசிப்பு வேகம் தானாகக் கூடியிருக்கும்.

கேட் வேறு ரகம். மொழி, தரவு, கணக்கு என மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததுக்குக் கொண்டுபோக முடியாது. விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறந்து செப்டம்பரில் மூடிவிடும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கடிகாரம் வைத்து அவற்றைப் போட்டுப் பார்த்த பிறகு கோச்சிங் தேவையா என்று முடிவு செய்யுங்கள். ஐஐஎம் என்றதும் அகமதாபாத்தை நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். 2011இல் வந்த திருச்சி ஐஐஎம் இருக்கிறது, கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அதைவிடக் கோழிக்கோடு ஐஐஎம் பக்கம், நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் போதும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பல ஐஐஎம்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் கணக்கில் எடுக்கின்றன. அது குறைவாக இருந்தால் எந்த நிறுவனம் எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்று அவர்களுடைய சேர்க்கை விதிகளில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இதில் மலைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சங்கதி உண்டு. கேட் நடப்பது நவம்பர் கடைசியில், நமக்கு வடகிழக்குப் பருவமழை நேரம். குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ போக்குவரத்து நிற்பது அப்போது சகஜம். தேர்வு மையம் கோவையில் விழுந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள், விடியற்காலை பஸ்ஸை நம்ப வேண்டாம். கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டில் வந்தால் தென்மேற்கு மழை. பந்தலூர், குந்தா பக்கம் கரன்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சிக்னலும் கூடவே போய்விடும். ஆன்லைனில் கல்லூரி விருப்பப் பட்டியல் பதிவதைக் கடைசி இரவுக்கு வைக்கக் கூடாது.

சான்றிதழ்களைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நன்றாக மார்க் எடுத்தவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். டான்செட் கலந்தாய்வுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதும். ஐஐஎம் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி ஒதுக்கீட்டில் போக, மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட, அந்த நிதியாண்டுக்கான சான்றிதழ் வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். விவசாய வருமானத்தைச் சேர்க்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களுக்கு அந்த விலக்கு கிடையாது, வருமான வரம்பைப் பார்ப்பார்கள். நம் மாவட்டத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஈ சேவை மையத்தில் போய் நிற்கிறவர்கள் ஏராளம். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும், விசாரணைக்கு நாள் பிடிக்கும், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இன்னும் இழுக்கும். இரண்டாம் வருட விடுமுறையில் முடித்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் நேர்முகத் தேர்வு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் தங்கள் கையில் இருக்கும் பெரிய பலத்தை இங்கேதான் வெளியே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் மலைகளின் அரசி, குளிர்ச்சியான இடம், மலை ரயில் என்று டூரிஸ்ட் நோட்டீஸ் மாதிரி ஒப்பிக்கிறார்கள். உங்கள் வீட்டில் இலை கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பறித்த பசுந்தேயிலை மூட்டையாகி எடைக்கு வருகிறது. மழை நாளில் ஈரத்துக்கு என்று எடையில் கழிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பசுந்தேயிலை போகிறது. மாத விலையைத் தேயிலை வாரியம் ஏல மைய சராசரியை வைத்து அறிவிக்கிறது. அதாவது இலையைக் கொடுக்கிற நாளில் உங்கள் அப்பாவுக்கு விலை தெரியாது, கூலி ஆளுக்கும் உரத்துக்கும் மட்டும் பணம் முன்கூட்டியே போய்விடுகிறது. விலை நிர்ணயம், கடன் சுழற்சி, தரக் கட்டுப்பாடு என்று இரண்டு வருடம் வகுப்பில் நடத்தப்போகும் பாடங்கள் பலவும் இதற்குள்ளேயே இருக்கின்றன. இதை நிதானமாக, எண்களோடு சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தத் தேர்வுக் குழுவும் மறக்காது.

தேயிலை இல்லாத வீடா? முத்தோரை பாலாடா கேரட் கழுவும் இயந்திரத்திலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி போய்ச் சேர்வதற்குள் அதே மூட்டைக்கு என்னென்ன செலவு ஏறுகிறது என்று ஒரு லோடுக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். உதகை என்சிஎம்எஸ் என்ற கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் நடக்கும் ஏலத்தோடு அதை ஒப்பிடுங்கள். சொந்தக்காரர் காட்டேஜ் நடத்தினால், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் சுற்றுலா வாகனங்களுக்கு இ பாஸ் வந்ததற்கு முன்னும் பின்னும் அவருடைய அறை நிரம்பிய கணக்கைக் கேளுங்கள், ஒரு காட்டேஜின் நோட்டே நல்ல ப்ராஜெக்ட். கோத்தகிரியில் ஆதிமலை என்று பழங்குடியினரே பங்குதாரராக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் 2013இலிருந்து நடக்கிறது. தேன், காபி, மிளகு எப்படி வாங்கி விற்கிறார்கள் என்று பார்க்க இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த இடத்தில் கேளுங்கள், குன்னூரில் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி இருக்கிறது.

கல்லூரி தேர்ந்தெடுப்பதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அங்கீகாரம் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். தருவது பல்கலைக்கழகப் பட்டமா, பிஜிடிஎம் என்ற டிப்ளமாவா என்று கேளுங்கள். நல்ல நிறுவனத்தின் பிஜிடிஎம் மதிப்பானதே, ஆனால் சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். ப்ளேஸ்மென்ட் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். போன வருடம் முடித்த இரண்டு பேரிடம் பேசுங்கள். வீட்டை விட்டுப் போக முடியாத நிலை என்றால் இக்னோ எம்பிஏ இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். வேறு தொலைநிலை, ஆன்லைன் படிப்பு என்றால் யுஜிசி அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பணம். டான்செட் வழியாக அரசு ஒதுக்கீட்டில் போவதற்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் சில வருட வருமானமாகவே இருக்கலாம், மார்ச்சில் எழுதும் அந்த 2 மணி நேரத் தேர்வுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. எஸ்சி, எஸ்டி மாணவர்கள் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கேட்கலாம். கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள், வங்கியில் வாய்மொழியாக "இல்லை" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கேட்பார்கள், நம் ஊரில் சிக்கல் அங்கேதான். கூடலூர் பக்கம் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) கூட்டுப் பட்டா, பெரியப்பா சித்தப்பா எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். ஆகவே கட்டணம், ஹாஸ்டல், மெஸ், லேப்டாப் எல்லாம் சேர்த்து 7.5 லட்சத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு கல்லூரிப் பட்டியலைப் போடுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை வீட்டில் அப்பா அம்மாவிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, முதலில் கிடைத்த இடத்தில் பணம் கட்டிவிட்டு அப்புறம் நல்ல இடம் வந்தால் என்ன செய்வது என்று தவிப்பவர்களுக்கு: ஏஐசிடிஇ விதிப்படி, வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அதன் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஏஐசிடிஇ குறைதீர்ப்புப் பகுதியில் பதியும்போது அந்த இரண்டையும்தான் கேட்பார்கள்.