அவுட்போர்டு மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் நங்கூரம், பிறகு மோட்டார்

தண்ணீரில் நிற்கும்போது படகின் பின்பலகையில் மாட்டிய அவுட்போர்டு மோட்டார் அணைந்து, இரண்டாவது இழுப்பிலும் பிடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட் கயிற்றை விட்டுவிட்டு நங்கூரத்தைப் போடுங்கள். ஆழம் அதிகமாக இருந்தால் ஒருவர் துடுப்பைப் பிடித்து படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்திருக்கட்டும். சிறு படகில் மோட்டார் நின்ற பிறகும் விபத்து நடக்கும். காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளும். பதற்றத்தில் ஒருவர் எழுந்து நின்று கயிற்றை வீச்சாக இழுப்பார், இன்னொருவர் உதவிக்கு வந்து பின்பக்கம் சாய்வார். எடை முழுக்க ஒரே இடத்தில் சேர்ந்ததும் பின்பலகை வழியாகத் தண்ணீர் ஏறும்.

இங்கே சொல்வதெல்லாம் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் 2 முதல் 15 குதிரைத்திறன் வரையிலான மோட்டார்களுக்கு.

மூடியைத் திறக்கும் முன்

மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்சில் சிவப்பு கிளிப் இருக்கிறதா? அது கழன்றிருந்தால் நாள் முழுக்க இழுத்தாலும் தீப்பொறி வராது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல மோட்டார்களில் கியர் விழுந்திருந்தால் கயிறே வராது. அதைப் பழுது என்று நினைத்து முரட்டுத்தனமாக இழுத்து, கயிற்றைத் திரும்பச் சுருட்டும் ரீகாயிலை உடைத்துவிடுகிறார்கள். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இதுதான் அதிகம் மறக்கப்படுவது. திருகு மூடியிருந்தால் மோட்டார் ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, டேங்கில் வெற்றிடம் உண்டானதும் மூச்சடைத்து நின்றுவிடும். மோட்டாரிலேயே டேங்க் இருந்தால் பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தனி டேங்க் என்றால் டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயில் உள்ள ரப்பர் பல்ப்பைப் பிடித்துப் பாருங்கள். அதன்மேல் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் பக்க முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் சில அமுக்கலில் கல்லுபோல இறுகும். இறுகவே இல்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது: இணைப்பின் ஓ-ரிங், தளர்ந்த கிளாம்ப், அல்லது பல்ப்பின் உள்வால்வு. ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம். மறுபடி காற்றுத் திருகைப் பாருங்கள்.

இழுக்கும் முறை

குளிர்ந்த மோட்டாருக்குச் சோக்கை (காற்றைக் குறைக்கும் இழுப்பான்) முழுக்க இழுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை ஸ்டார்ட் குறியில் வையுங்கள். உட்கார்ந்தபடி, உங்கள் முழங்கைக்குப் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பல் பிடிக்கும்வரை கயிற்றை மெதுவாக இழுங்கள். பிறகு ஒரே வீச்சு. திரும்பிப் போகும்போது கயிற்றைக் கையோடு கொண்டுபோய் விடுங்கள், சட்டென்று விடக் கூடாது. மோட்டார் ஒருமுறை இருமியதும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளி மறுபடி இழுங்கள். சூடான மோட்டாருக்குச் சோக் வேண்டாம்.

ஐந்தாறு இழுப்பில் பிடிக்கவில்லை என்றால் அதற்குமேல் இழுப்பது வீண். சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் தேங்கி, தீப்பொறி தரும் பிளக் நனைந்து, முதலில் இருந்த கோளாறோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும்.

பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் நனைந்துவிட்டது என்று பொருள். கில் கிளிப்பை எடுத்துவிட்டு, சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். திராட்டிலை முழுக்கத் திறந்து ஏழெட்டு முறை இழுத்தால் தேங்கியது வெளியே போய்விடும். பத்து நிமிடம் விட்டு, பிளக்கையும் கிளிப்பையும் மாட்டி, சோக் இல்லாமல் முயலுங்கள்.

பிளக் சொல்லும் செய்தி

இழுத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியில்தான் சந்தேகம். தீப்பொறியைச் சோதிக்க, பிளக்கை அதன் கேபிளில் மாட்டி, இரும்பு உடல் எஞ்சின் உலோகத்தில் ஒட்டும்படி, பிளக் துளைக்குத் தூரமாக வைத்து இழுக்க வேண்டும். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே சீறும். பக்கத்தில் பொறி பட்டால் தீ. சோதனை கரையில் என்றால் நல்லது. படகில் என்றால் புதுப் பிளக்கை மாற்றிப் பார்ப்பதே சுருக்கமான வழி. பிளக் முனையின் இடைவெளி கையேட்டில் சொன்ன அளவு இருக்க வேண்டும். என்ஜிகே பிளக்கில் எண்ணின் கடைசியில் 10 என்று இருந்தால் 1.0 மி.மீ., 9 என்றால் 0.9 மி.மீ.

பெட்ரோலும் ஆயிலும்

இந்தியாவில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், விற்பனை நிலையங்களுக்கு வரத் தொடங்கியது. அவுட்போர்டு தயாரிப்பாளர்களில் பலர் 10 விழுக்காடு வரைதான் ஒப்புக்கொள்கிறார்கள். உங்கள் கையேட்டைப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையில் பாதி நிரம்பிய டேங்கைத் திறந்து வைத்தால் ஈரம் சேர்ந்து, ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். மோட்டார் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடிப் பாட்டிலில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மோட்டாருக்குக் காட்டாதீர்கள். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலும் அப்படித்தான்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 என்று எழுதிய ஆயில்தான் வேண்டும். பைக்குக்கு விற்கும் 2டி ஆயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரில் குளிரும் மோட்டாரில் அது பிளக்கிலும் பிஸ்டன் வளையத்திலும் சாம்பல் படிய வைக்கும். பெட்ரோலும் ஆயிலும் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 100:1 என்றால் 10 மி.லி. உங்கள் மோட்டாருக்கு எது என்பதைக் கையேடு சொல்லும், பக்கத்துப் படகுக்காரர் சொல்லக் கூடாது.

சோக் இழுத்திருக்கும்வரை ஓடி, உள்ளே தள்ளியதும் அணைந்தால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரில் பைலட் ஜெட் என்ற மெல்லிய துளையில் அடைப்பு இருக்கலாம். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு டப்பாவில் பிடியுங்கள். படகுக்குள் ஊற்ற வேண்டாம். தண்ணீரோ பச்சைப் படிவோ வந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும். கிளீனரும் காற்றும் போதும்.

தமிழகக் கரையிலும் இலங்கையிலும் மண்ணெண்ணெய் மோட்டார்கள் உண்டு. இவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். அணைப்பதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்று, மறுநாள் காலை எத்தனை இழுத்தாலும் பிடிக்காது. கிண்ணத்தை வடித்து பெட்ரோலை விட்டால் சரியாகும்.

ரீகாயில் கயிறு அறுந்தால்

மேல்மூடியையும் ரீகாயிலையும் கழற்றி, தனிக் கயிற்றின் முடிச்சை, எஞ்சின் மேலுள்ள ஃப்ளைவீல் என்ற சுழல்சக்கரத்தின் வெட்டில் மாட்டி, இரண்டு மூன்று சுற்று சுற்றி இழுக்கலாம். இது கடைசி வழி. கியர் விழுந்திருந்தால் கயிறு வராமல் தடுக்கும் பாதுகாப்பு இப்போது வேலை செய்யாது, ஆகவே நியூட்ரலை இருமுறை பாருங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். லுங்கி, துண்டு, நீண்ட முடி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஓடத் தொடங்கிய பின் ரீகாயிலைத் திரும்ப மாட்ட முயல வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும்

பக்கத்தில் குளிர்நீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடனே அணையுங்கள். ஓட்டையில் உப்போ மணலோ அடைத்திருந்தால் மெல்லிய நைலான் நரம்பால் எடுக்கலாம். அதன் பின்னும் வரவில்லை என்றால் குளிர்நீரை இறைக்கும் இம்பெல்லர் போயிருக்கலாம். கரையில் சோதிக்கும்போது தண்ணீர் நிரம்பிய டிரம்மில்தான் ஓட்ட வேண்டும்; வறட்டு ஓட்டத்தில் இம்பெல்லரின் ரப்பர் சில நொடியிலேயே கெடத் தொடங்கும். மோட்டார் அலறியும் படகு நகரவில்லை என்றால், புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் என்ற சிறு முளை (அடி பட்டால் கியரைக் காக்கத் தான் உடைவது) உடைந்திருக்கலாம். ஆணியைச் செருகிச் சமாளித்தால் அடுத்த அடி கியரில் விழும்.

கில் கிளிப்பின் கயிற்றை மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ கட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்து, டில்லர் என்ற திருப்பும் கைப்பிடியிலிருந்து கை விலகினால் மோட்டார் தானே திரும்பி, படகு அவரைச் சுற்றிச் சுற்றி வரும். புரொப்பல்லர் அவரைத் தேடி வருவது போலத்தான் இருக்கும். தண்ணீரிலிருந்து ஒருவரை ஏற்றும்போது நியூட்ரல் போதாது, அணைத்துவிடுங்கள்.

தனி டேங்கைப் படகில் வைத்து நிரப்பாதீர்கள். கரையில் தரையில் இறக்கி வைத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. படகின் அடியில் தங்கி ஒரு பீடி நெருப்புக்குக் காத்திருக்கும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் இருக்க.

படகில் இருக்க வேண்டியவை: துடுப்பு, கயிறோடு நங்கூரம், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தண்ணீர் இறைக்க வாளி, ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், இரண்டு ஷியர் பின், உதிரி கில் கிளிப், தண்ணீர் புகாத பையில் செல்பேசி. இந்தியக் கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.