கையால் கால்பந்து தைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கின் ஓரத்தில் காய்ந்த கித்தாப் பாலை, அதாவது ரப்பர்ப் பாலை, இழையிழையாக உரித்துச் சுற்றிப் பந்தாக்குவோம். நன்றாகத் துள்ளும், ஆனால் உருண்டை சரியாக அமையாததால் நேராக உருளாது. பந்துக்கு அளவும் தையலுமே உயிர் என்பதை, பின்னாளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தைக்கத் தொடங்கியபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

பந்தின் உள்ளே காற்றைத் தாங்கும் ரப்பர்ப் பையான பிளாடரைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கந்தகம் சேர்த்துச் சூடேற்றாத பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும்; சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த அந்தப் பக்குவத்தை வீட்டில் செய்ய இயலாது. ரப்பர்ப் பால் பிளாடர் மென்மையாகத் துள்ளினாலும் காற்றை விரைவில் இழக்கும். பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆன பிளாடர் வாரக்கணக்கில் தாங்கும் என்பதால் பள்ளிக்கு அதுவே ஏற்றது.

செயற்கைத் தோலின் பின்புறம் இரண்டு மூன்று அடுக்குத் துணியை ரப்பர்ப் பால் பசையால் ஒட்டி, பலகையின் கீழ் அழுத்திக் காயவையுங்கள். இந்தத் துணிதான் பந்து உப்பிக் கோணலாகாமல் காக்கிறது. பிறகு 12 ஐங்கோணங்களையும் 20 அறுகோணங்களையும் வெட்டுங்கள். பெரியவர்கள் ஆடும் அளவான 5ஆம் எண் பந்துக்குத் தையல் கோட்டில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4.5 செ.மீ. இருக்க வேண்டும், துளைகளை விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, எல்லாப் பக்கங்களிலும் ஒரே எண்ணிக்கையில் குத்துங்கள். ஒரு பக்கத்தில் ஒரு துளை குறைந்தாலும் அங்கே பந்து சுருங்கிவிடும்.

மொத்தம் 90 தையல் விளிம்புகள் உள்ளன. இரண்டு துண்டுகளின் முகங்களை ஒன்றோடொன்று சேர்த்து முழங்கால்களுக்கிடையே மரக்கிட்டியில் (துண்டுகளைக் கவ்விப் பிடிக்கும் மரப்பிடியில்) இறுக்கி, மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இருபுறமிருந்தும் எதிரெதிராகச் செலுத்தி, இரண்டு கைகளையும் அகல விரித்து ஒரே வேகத்தில் இழுங்கள். நூல் விரலை அறுக்கும். தோலுறை மாட்டிக்கொள்வது அவசியம். பருத்தி நூல் வேண்டாம்: எங்கள் திடலில் மழைக்காலச் சேற்றில் அது இற்றுப்போய், புதுப்பந்தின் தையல் ஆட்டத்தின் நடுவிலேயே பிரிந்ததைக் கண்டிருக்கிறேன். ஓர் ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து அறுகோணங்கள் எனத் தொடங்கி, அரைப்பந்துகள் இரண்டாக வளர்த்து இணையுங்கள்.

மூன்று நான்கு விளிம்புகள் எஞ்சும்போது, அந்த வாய் வழியே பந்தை உட்புறம் வெளியாகத் திருப்பி, பிளாடரை நுழைத்து வால்வை அதற்குரிய துளைக்கு நேராக ஒட்டுங்கள். கடைசித் தையல்களை வெளியிலிருந்தே தளர்வாகப் போட்டுவிட்டு, பின்னர் ஒருசேர இழுத்து முடிச்சை உள்ளே தள்ள வேண்டும். கையால் பந்து தைப்பதற்குப் பெயர்பெற்ற பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் இந்தியாவின் ஜலந்தரிலும் தைப்பவர்களின் கைத்திறன் இந்த இடத்தில்தான் தெரியும்.

காற்றடித்த பின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. வரையிலும், எடை 410 முதல் 450 கிராம் வரையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இரவு அப்படியே வைத்து, காலையில் விரலால் ஒவ்வொரு தையலையும் தடவுங்கள். வாய் திறந்த விளிம்பு தட்டுப்பட்டால் காற்றை இறக்கி அதை மட்டும் மீண்டும் இறுக்குங்கள்.