சேலத்துல கிளினிக் சாஃப்ட்வேர் கம்பெனி போடப் போறீங்களா?

மொதல்ல லேப்டாப்ப மூடி வெச்சிட்டு, செர்ரி ரோட்டுலயோ ஃபேர்லேண்ட்ஸ்லயோ சாயங்காலம் கூட்டம் நெரியுற ஒரு கிளினிக்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு ரெண்டு வாரம் ஓரமா உக்காருங்க. காசு குடுக்கறது டாக்டர், டைப் அடிக்கறது டோக்கன் போடுற பொண்ணு. ஒரு காதுல போனு, ஒரு கையில சில்லறை, அதுக்கு நடுவுல அடுத்த ஆளு பேர எழுதுது பாருங்க, அத பாத்தாலே உங்க டிசைன்ல பாதி மாறிடும். டாக்டர் சீட்டுல மூணு வரி கிறுக்கறத விட உங்க ஸ்கிரீன் லேட்டாச்சுன்னா மறுநாளே பேனாவுக்குப் போயிடுவாரு. நான் மொத வெர்ஷன்ல பதினாலு பாக்ஸ் வெச்சேன், அந்த மனுஷன் எல்லாத்தையும் ரிமார்க்ஸ் பாக்ஸ்லயே அடிச்சு வெச்சிருந்தாரு.

செல் நம்பர வெச்சு பேஷன்ட்ட அடையாளம் வெக்காதீங்க. ஒரு வீட்டுல அஞ்சு பேருக்கு ஒரே நம்பர்தான் இருக்கும், மாமியார் சுகர் ரிப்போர்ட் மருமக பேர்ல ஏறிடும்.

ஏற்காட்டுக்கும் விக்கணும்னா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போயி டெஸ்ட் பண்ணுங்க. மழைல கரண்டும் நெட்டும் சேந்தே போகும், அதனால டேட்டா கிளினிக் கம்ப்யூட்டர்லயே சேவ் ஆகணும், நெட் வந்தப்புறம் சர்வருக்கு ஏறட்டும். ரெண்டு எடத்துல ஒரே ரெக்கார்ட மாத்தியிருந்தா ஒன்ன அழிக்காம ரெண்டையும் காட்டிடுங்க, எது சரின்னு டாக்டர் சொல்லட்டும்.

பிரைவேட் லிமிடெட்னா கொறஞ்சது ரெண்டு டைரக்டர், ரெண்டு ஷேர்ஹோல்டர் வேணும், மிச்சத்த ஆடிட்டர் பாத்துக்குவாரு. ஆனா வெல சொல்றப்ப 18% ஜிஎஸ்டிய சேத்தே சொல்லுங்க, வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால கிளினிக்காரங்க கட்டுன வரிய திருப்பி எடுக்க முடியாது, பில்லுல தனியா பாத்தா மூஞ்சி மாறும்.

2021ல நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ல, அதாவது பேஷன்ட் ரெக்கார்டுகள டிஜிட்டலா இணைக்கற மத்திய அரசு திட்டத்துல சேரணும்னா, மொதல்ல அவங்க சாண்ட்பாக்ஸ்ல, அதாவது சாஃப்ட்வேர டெஸ்ட் பண்ற தளத்துல ரிஜிஸ்டர் பண்ணுங்க. முதல் மைல்ஸ்டோன் பேஷன்ட்டுக்கு 14 இலக்க ஆபா நம்பர் (ஹெல்த் ஐடி) போடறதும் சரிபாக்கறதும், ரெக்கார்ட வெளிய பகிர்றது ரெண்டாவது, அதுக்கு எஃப்ஹெச்ஐஆர்ங்கற மருத்துவ டேட்டா பரிமாற்ற ஃபார்மட் வேணும், அதுலதான் நாளு போகும். 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல அபராதம் 250 கோடி வரைக்கும் போகுது, அதனால யாரு எந்த ரெக்கார்ட தொறந்தாங்கன்னு தானா பதிவாகுற மாதிரி வெச்சிருங்க. சப்போர்ட்டுக்கு பேஷன்ட் ஸ்கிரீன்ஷாட்ட வாட்ஸப்ல அனுப்பச் சொல்ற பழக்கமே வேணாம்.

கிளினிக்ல இருக்குற பழைய பேஷன்ட் நோட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன்னு மட்டும் வாய விட்றாதீங்க. ஆளு திரும்ப வர்றப்ப அவரு பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து ஏத்துனா போதும்.